துருப்பிடித்த வால்

எங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் 1994 பொங்கல் இதழ், பதினோராம் பக்கம், இடது ஓரம். பச்சை மையில் அப்பா எழுதியிருக்கிறார்: "வாலாகவே இருக்கட்டும்." கீழே கையொப்பம் உண்டு, தேதி இல்லை. அப்பா எதற்கும் தேதி போடுகிறவர் இல்லை. இதழ் பொங்கலன்று முதல் வீட்டுக்குப் போய்விட்டதால், இந்தக் குறிப்பு அதற்கு முந்தைய டிசம்பரில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வைத்தேன். பக்கம் முழுவதும் என் கையெழுத்துதான். கதை என் தங்கையுடையது.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. திருச்சியிலிருந்து மாற்றலாகி கல்கத்தாவில் கார்டன் ரீச் அலுவலகத்துக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது, தங்கைக்கு மூன்று. அந்த நான்கு வருட வித்தியாசம்தான் எங்கள் இருவரையும் இரண்டு வேறு ஆட்களாக்கியது. நான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்தவன். அவள், காகிமா என்று நாங்கள் கூப்பிட்ட மாடி வீட்டு வங்காளி அம்மாவின் மடியில் உட்கார்ந்து முதலில் வங்காளி பேசியவள். என்னை ஒரு நாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை, வங்காளிகளைப் போல 'தாதா' என்பாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் மாமா கேட்பார், "ஏன்டி, உன் அண்ணன் கல்கத்தால ரவுடியா இருக்கானா?" எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் அவளைத்தான் தூக்கிக் கொஞ்சினார்கள்.

கார்டன் ரீச்சிலும் பெஹாலாவிலுமாக முப்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. துறைமுகம், ரயில்வே, வங்கி என்று ஆளுக்கொரு வேலை, எல்லோரும் என்றாவது மாற்றலில் போகப்போகிறவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிடக்கூடாது என்று மூன்று மாதத்துக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஒரே ஒரு பிரதி. துணிப்பையில் போட்டு வீட்டுக்கு இரண்டு நாள் என்று சுற்றிவிடுவார்கள். அப்பாதான் ஆசிரியர். பிழையில்லாமல் எழுதக்கூடிய பையன் என்பதால் முழு இதழையும் படியெடுக்கும் வேலை எனக்கு வந்தது.

அந்தக் காலத்தில் எனக்கு மாயாஜாலக் கதைப் பித்து. கரியாஹாட் நடைபாதையில் அட்டை கிழிந்த தடித்தடி ஆங்கிலப் புத்தகங்கள் கிடைக்கும். தமிழ்ச் சிறுவர் மாத இதழ்கள் ஊரிலிருந்து கட்டாக வரும். எந்த மொழியானாலும் கதையில் ஒரு குடும்ப வாள் இருக்கும். அதற்கு ஒரு பெயர் இருக்கும். எதிரி வந்தால் ஒளிரும், அல்லது முனகும். மாட்டுக்கொட்டிலில் வளரும் அநாதைப் பையன் அதைத் தொட்டதும் அவன்தான் இளவரசன் என்று உலகத்துக்குத் தெரிந்துவிடும். பாட்டன் காலத்தில் உடைந்திருக்கும், பேரன் காலத்தில் ஒட்டவைப்பார்கள். கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய வசதி என்று பின்னால் புரிந்தது. வாளைக் கையில் கொடுத்துவிட்டால் வம்சம், பெருமை, பழி மூன்றையும் தனித்தனியாக விளக்க வேண்டியதில்லை. வீட்டுச் சாமானெல்லாம் நாலு மரப்பெட்டிக்குள் அடங்கிவிடும் மாற்றல்காரன் பிள்ளைக்கு, தலைமுறை தலைமுறையாக ஒரே சுவரில் ஒரு வாள் தொங்குகிறது என்பதே மாயாஜாலத்தில் பெரிய மாயாஜாலம்.

அந்தப் பொங்கல் இதழுக்கு நானும் ஒரு வாள் கதை எழுதினேன். பதினான்கு தலைமுறை அரசர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், முடிசூடிய ஆண்டு, இறந்த ஆண்டு. வாள் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது. அப்பா படித்துவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்குடா," என்றார். இதழில் போட்டார், சமையல் குறிப்புக்கும் விடுகதைக்கும் அடுத்தபடியாக. முப்பது வீடு சுற்றி வந்தது. யாராவது ஒரே ஒருவர் அந்தக் கதையைப் பற்றி ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். பாராட்டு வேண்டாம், ஒரு கேள்வி போதும். அந்த வாள் இப்போது எங்கே, ஏழாவது ராஜா ஏன் சீக்கிரம் செத்தான், ஏதாவது. ஒருவரும் கேட்கவில்லை.

தங்கைக்கு அப்போது பத்து வயது. அவளும் ஒரு கதை எழுதியிருந்தாள், பென்சிலில், பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள்களில். அப்பா அதைத்தான் தொடர்கதையாக எடுத்துக்கொண்டு, படியெடுக்க என்னிடம் கொடுத்தார். ல, ள, ழ மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். வாயில் வராதது கையில் எப்படி வரும்? முதல் வரியே இப்படி இருந்தது: 'இளவரசன் தன் பரம்பரை வாலை உருவினான்.' நான் எல்லா 'வால்'களையும் 'வாள்' ஆக்கிப் படியெடுத்தேன். எனக்குக் கொடுத்த வேலையே அதுதானே. சாயங்காலம் அப்பா படித்துக்கொண்டிருந்தபோது தங்கை அவர் தோள்மேல் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"தாதா தப்பா எழுதியிருக்கான்ப்பா. நான் வால்னு எழுதினேன்."

"அது வாள்டி, மக்கு. கத்தி. வால்னா குரங்குக்கு இருக்கிறது," என்றேன்.

ஒரு நொடி அவள் திருதிருவென்று விழித்தாள். அதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு மோவாயைத் தூக்கினாள். "தெரியும். நான் குரங்கு வால்தான் சொன்னேன்."

"அப்ப ஏன் துருப்பிடிச்சுது? எழுதியிருக்கியே, வால் துருப்பிடித்ததுன்னு?"

"இரும்பு வால்."

"சரி. உருவினான்னு இருக்கே, வாலை எப்படி உருவுவான்?"

"உருவி விடுவான். எண்ணெய் போட்டு. அம்மா உனக்குக் கால் வலிச்சா உருவி விட மாட்டாளா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். நான் விடவில்லை. "சுவத்துல மாட்டினான்னு எழுதியிருக்க."

"தூங்கறப்ப ஆணில மாட்டிப்பான். இல்லேன்னா படுக்கை கிழிஞ்சிடும்ல."

"உறைக்குள்ள போட்டான்னு இருக்கு, அது?"

"குளிருக்கு! அவங்கம்மா பின்னிக் குடுத்தா. மங்கி கேப் மாதிரி."

கல்கத்தாக் குளிருக்குக் கைக்குழந்தை முதல் கிழவர் வரை தலையில் மாட்டிக்கொண்டு திரியும் அந்தக் கம்பளிக் குல்லாயை ஓர் இளவரசனின் வாலுக்கு மாட்டிவிட்டாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், சமையலறையிலிருந்து அம்மாவும் சிரித்தாள். நான் மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். அவள் எழுதியது பிழை. அது பிழை என்று தெரிந்த கணத்திலேயே அதைக் கதையாக்கிக்கொண்டாள். பதினான்கு ராஜாக்களுக்காக நான் ஒரு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவள் என் கண் முன்னாலேயே, நான் கேட்ட கேள்விகளையே பிடித்துக்கொண்டு ஒரு நாட்டைக் கட்டிவிட்டாள். அந்தப் பொறாமை எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் உடம்பில் தெரியும். காதுமடல் சூடாகும், கை ஜில்லென்று இருக்கும்.

"வாலாவே இருக்கட்டும்டா," என்றார் அப்பா, பச்சைப் பேனாவைத் திறந்துகொண்டே. நான் பக்கத்தைத் திரும்ப எழுதியதும், அதன் ஓரத்திலும் அதையே எழுதிக் கையொப்பமிட்டார்.

அந்தத் தொடர் ஒன்பது இதழ் வந்தது. எல்லாவற்றையும் நான்தான் படியெடுத்தேன். என்னைத் தெருவில் நிறுத்தி மாமிகள் கேட்பார்கள், "உன் தங்கை எழுதற வாலு கதை அடுத்தது எப்போப்பா வரும்? மாமா துடிச்சிண்டிருக்கார்." படியெடுக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் என்னிடம் கேட்டார்கள். பேனா, நோட்டு, கோடு போடும் ஸ்கேல் எல்லாம் என்னிடம் இருந்தன. கேள்வி மட்டும் அவளுக்கு.

வாளைவிட வால் எவ்வளவு நல்ல யோசனை என்பது எனக்கு அப்போதே புரிந்தது, அதனால்தான் அப்படி எரிந்தது. குடும்ப வாளைத் திருடலாம், அடகு வைக்கலாம், போரில் தோற்றால் கீழே போடலாம். விருப்பமில்லாத பிள்ளை அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இரும்பு வாலை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவளுடைய இளவரசன் சிம்மாசனத்தில் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவான். அவன் பொய் சொன்னால் வால் தரையில் தட்டி டங் டங் என்று சத்தம் வரும். வாளை இடுப்பில் கட்டிய அரசன் யாரைக் கொல்வான் என்று ஊருக்குத் தெரியும். வால் முளைத்த அரசன் எப்போது பயப்படுகிறான் என்று ஊருக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான வாள் கதைகள் படித்திருந்த எனக்கு இது தோன்றவில்லை. ல, ள தெரியாதவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அப்பா ஓய்வு பெற்றார், அம்மாவோடு திருச்சிக்குத் திரும்பினார். நான் வங்கி வேலையில் பெஹாலாவிலேயே தங்கிவிட்டேன். கல்கத்தா கொல்கத்தா ஆனது. தங்கை ஒரு வங்காளியைக் கல்யாணம் செய்துகொண்டு டாலிகஞ்சில் குடியிருந்தாள். 2005இல் அந்தக் கதையை வங்காளியில் நாவலாக எழுதினாள். சின்னப் பதிப்பகம்தான், ஆனாலும் நன்றாக விற்றது. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அரங்கில் கூட்டம் நடந்தது. பேசிய பேராசிரியர், பரம்பரை வாள் என்ற பழைய சின்னத்தை உடலின் உறுப்பாக மாற்றிய துணிச்சலைப் பற்றி வெகுநேரம் பேசினார். வங்காளியில் வாளுக்கும் வாலுக்கும் எந்த ஒலி உறவும் கிடையாது. ஆகவே அங்கிருந்த யாருக்கும் அது ஓர் எழுத்துப் பிழை என்று தோன்ற வழியே இல்லை. "இந்த யோசனை எங்கிருந்து வந்தது?" என்று ஒரு பெண் கேட்டாள். "சின்ன வயசுலேயே தலைக்குள்ள இருந்தது," என்றாள் என் தங்கை, முன்வரிசையில் இருந்த என்னைப் பார்க்காமல்.

எழுந்து சொல்லியிருக்கலாம். பெருந்தன்மையால் சும்மா இருக்கவில்லை. சொன்னால் அந்த அரங்கம் மொத்தமும் சிரித்து, அவளை இன்னும் அதிகமாக நேசிக்கும் என்று எனக்குத் தெரியும். மோவாயைத் தூக்கிய பத்து வயதுக்காரியை அவர்களுக்கும் காட்டிக்கொடுக்க நான் தயாராக இல்லை.

இரண்டாம் பதிப்புக்குத் தயாரானபோது, எந்த ராஜா யார் மகன் என்று வாசகர்கள் குழம்புவதாகப் பதிப்பாளர் சொன்னாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்து சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, "தாதா, ஒரு வம்சாவளி போட்டுக் குடேன். உனக்குத்தான் வருஷக் கணக்கெல்லாம் பிடிக்குமே," என்றாள். படியெடுக்கும் வேலை மறுபடியும் எனக்கே வருகிறது என்று நினைத்தேன். ஆனாலும் செய்தேன், மறுக்கத் தெரியவில்லை. ஏழு அரசர்கள், நாவலுக்குள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஊரார் பாடும் பாட்டு ஒன்று உண்டு. எழுதி வரிசைப்படுத்தும்போது தெரிந்தது, மூன்றாம் அரசன் இறந்ததற்கும் நான்காமவன் பட்டத்துக்கு வந்ததற்கும் நடுவில் இருபது வருடத்துக்கு மேல் யாருமே ஆளவில்லை. நாலாமவனை மூன்றாமவனின் பேரன் என்கிறாள், நடுவில் மகனைக் காணோம். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லத்தான் வேண்டும். உடனே போன் செய்தேன்.

"ஓட்டையா? ஐயோ." எதையோ மென்றுகொண்டே பேசினாள். "நடுவுல ஒருத்தனைப் போட்டுடு தாதா."

"யாரைப் போடறது?"

"யாரையாவது. நீதானே கண்டுபிடிச்ச, நீயே வெச்சுக்கோ அவனை."

மூன்று வாரம் அவனோடு உட்கார்ந்திருந்தேன். வைத்த பெயரெல்லாம் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது. அவன் செய்த போர்கள், கட்டிய கோயில்கள், எதை எழுதினாலும் அடித்தேன். அச்சுக்குக் கொடுக்கவேண்டிய நாள் வந்ததும், எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். 'மூன்றாம் அரசனின் மகன். பெயர் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டிருக்கலாம். எந்தப் பாட்டிலும் இவனைப் பற்றிப் பேச்சில்லை. உறுதி செய்யப்படவில்லை.'

அடுத்த குளிர்காலத்தில் தங்கை போன் செய்தாள். வழக்கமான கலகலப்பு இல்லை.

"புத்தகக் காட்சில நாலு பேர் வந்தாங்க தாதா. நாலு பேரும் கேக்கறது அந்தப் பேர் தெரியாதவனைத்தான். அவனை ஏன் பாட்டுல விட்டுட்டாங்க, என்ன தப்பு பண்ணினான்னு. ஒரு பொண்ணு அவனுக்குப் படமே வரைஞ்சு கொண்டுவந்திருக்கா. என் புஸ்தகத்துல நான் எழுதாத ஒரே ஆள் அவன்தான்."

"அப்படியா," என்றேன். அவள் குரலில் இருந்தது எனக்கு நெடுநாள் பழக்கமானது. இந்த முறை அது அவளிடம் இருந்தது. காதுமடல் சூடாகிறதா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

"சும்மா அப்படியாங்காத. அடுத்த புஸ்தகத்துல அவனைப் பத்தி எழுதணும்கறாங்க. நீ எழுதுவியா, நான் எழுதணுமா? சரி, அதையெல்லாம் விடு. அவனுக்கு வால் இருந்துதா இல்லியா, அதையாவது சொல்லு."

"தெரியலை. பார்த்துத்தான் சொல்லணும்."

"எங்க பார்ப்ப?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

அப்பனுக்கு இருந்தது. மகனுக்கு இருந்தது. இவனைப் பற்றி மட்டும் எந்தக் குறிப்பும் இல்லை. இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. வால் இல்லாமல் பிறந்ததால்தான் இவனைப் பாட்டில் சேர்க்கவில்லை என்று சில நாள் தோன்றுகிறது. இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை.