ஜெரால்டின் விட்டுவிடாத வாக்கியம்

நான்கு மொழி தெரிவது ஒரு தகுதி என்று ஜெரால்டினிடம் நாற்பத்தெட்டு வயதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், காய்கறிக் கடையில் மராத்தி, ஷேர் ஆட்டோவில் இந்தி, அவள் பாடம் நடத்திய மழலையர் வகுப்பில் ஆங்கிலம். புனேக்குப் பக்கத்திலுள்ள தேஹு ரோட்டில் வளர்ந்த பாதிப் பேர் அப்படித்தான். அப்பா ராணுவத் தளவாடக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் காலமான பிறகும் ஜெரால்டின் ஸ்டேஷனுக்குப் பின்புறமிருந்த அந்த வரிசை வீட்டிலேயே தனியாக இருந்துவிட்டாள்.

அங்கே அறுபது குடும்பங்களுக்கு ஒரே பொதுக் கழிப்பறை. பெண்கள் பக்கம் ஆறு அறை இருந்தது, மூன்றுக்குக் கதவில்லை. குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். சாயங்காலம் ஏழு மணிக்கே பூட்டிவிடுவார்கள். அதனால் நாலு மணிக்கு மேல் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வீட்டு மரியம்மாள் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தாள்.

அந்த ஜூன் மாதம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்தார்கள். புனேயில் உள்ள ஒரு பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் கைகோத்து நடத்தும் திட்டம் அது. குடியிருப்பவர்களும் அதிகாரிகளும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். பேசியது நடக்கிறதா என்று மாணவர்கள் பின்தொடர வேண்டும். பொறுப்பாளர் காவ்யா, பெங்களூர்க்காரர், முப்பத்தைந்து வயதுப் பேராசிரியை. கையில் கட்டுக்கட்டாகப் படிவங்களோடு வந்தவரைப் பார்த்து மரியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டே ஜெரால்டினிடம் சொன்னாள்.

"போன வருசமும் வந்தாவ டீச்சர். கேட்டாவ, எழுதினாவ, போயிட்டாவ."

ஜெரால்டின் ஒரு படிவத்தை வாங்கி வாசலிலேயே நின்று படித்தாள். முப்பத்திரண்டு கேள்விகள். கழிப்பறையை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று ஒன்றுகூட இல்லை.

"கேள்விய நீங்களே எழுதிட்டு வந்தா எப்படி மேடம்?" என்று இந்தியில் கேட்டாள். "நாளைக்கு நாலு மணிக்குப் படிவம் இல்லாம வாங்க. இவங்க சொல்றதக் கேட்டு எழுதுங்க."

காவ்யாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் மறுநாள் வெறுங்கையோடு வந்தார். இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து கேட்டார். முப்பத்திரண்டு கேள்விகள் மூன்றாகின: தண்ணீர், கதவு, சாவி. கூட்டத்தைப் பல்கலைக்கழக அரங்கில் வைப்பதாக இருந்தது. வரிசை வீட்டுப் பெண்களுக்கு அது அரை நாள் பயணம் என்று ஜெரால்டின் விடாப்பிடியாக நின்று, தன் பள்ளிக்கூட ஹாலுக்கு மாற்ற வைத்தாள். மொழிபெயர்க்கும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

மூன்று மாதம் கடிதம் எழுதிய பிறகு, ஒரு சனிக்கிழமை கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான அதிகாரி வந்தார். பெண்களுக்குச் சந்தை மராத்தி தெரியும். அவர் பேசிய வேகமான அலுவலக மராத்தி பிடிபடவில்லை. அவர் காவ்யாவைப் பார்த்தே பேசினார். பாதியில், குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்: "வெளியூரிலிருந்து வந்த ஜனங்கள். கழிப்பறையை உபயோகிக்கவே தெரியாது. குழாயை உடைத்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்கிறார்கள்."

காவ்யா சட்டென்று ஜெரால்டின் பக்கம் குனிந்தார். "இத மட்டும் விட்டுடுங்க. கூட்டம் கெட்டுப்போகும்."

எதிரே எழுபது பெண்கள் ஜெரால்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒன்றை விழுங்கிவிட்டால் இனி அவள் சொல்லும் எதையும் இவர்கள் எப்படி நம்புவார்கள்? அவர் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னாள்.

மரியம்மாள் எழுந்தாள்.

"டீச்சர், நான் சொல்லுதத அப்படியே அவருட்ட சொல்லுங்க. திங்கக்கெழம காலையில ஆறு மணிக்கு வரட்டும். அவரு கையாலயே குழாயத் தொறந்து பாக்கட்டும். சொட்டுத் தண்ணி வராத குழாய நாங்க எதுக்கு ஒடைக்கணும்?"

அதையும் ஜெரால்டின் மராத்தியில் அப்படியே சொன்னாள். அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். யாரும் கூச்சல் போடவில்லை. முன்வரிசைக் கிழவி ஒருத்தி மட்டும், சந்தை மராத்தியும் தமிழுமாக, "பஸா சாஹேப், உட்காருங்க" என்றாள். அவர் சற்று நின்றார். பிறகு உட்கார்ந்தார். பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

கூட்டம் முடிந்ததும் காவ்யா வந்தார். "கூட்டத்தக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

"கூட்டத்த இல்ல மேடம், அந்த ஆபீசரக் காப்பாத்தப் பாத்தீங்க."

காவ்யா மறுக்கவில்லை. "ஆமா, பயந்துட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார், ஆறுக்கு இல்லை, எட்டுக்கு. குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தினமும் தண்ணீர் போகிறது என்று தனக்குக் கீழே வேலை செய்பவர்கள் எழுதிக் கொடுத்ததை அவர் இத்தனை நாள் நம்பியிருந்தார். அதன் பிறகு மாணவர்களும் பெண்களும் முறைவைத்துத் தொண்ணூறு நாள் தண்ணீர் வந்த நேரத்தை நோட்டில் குறித்தார்கள். தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதாகிக் கிடந்தது அதில்தான் நிரூபணமானது. இரண்டாவது கூட்டம் சண்டையில் முடிந்தது. மூன்றாவதில் வேலைகளுக்குத் தேதி போட்டு அதிகாரி கையெழுத்திட்டார். பதினோரு மாதத்தில் மோட்டார் வந்தது, கதவுகள் வந்தன, விளக்கு வந்தது. சாவி பெண்கள் குழுவிடம் வந்தது. அன்றிலிருந்து பூட்டு போடுவதில்லை.

இப்போது வியாழக்கிழமைகளில் பள்ளி விட்டதும் ஜெரால்டின் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். பொதுக்கூட்டத்தில் மொழிபெயர்ப்பது எப்படி என்று மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறாள். வெளிநாட்டுப் பேராசிரியர்களும் வீடியோவில் சேர்ந்து கேட்கிறார்கள். புனேயின் லோஹேகாவ் பகுதியில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் ஒரு குடியிருப்புச் சங்கமும் பேசும் அடுத்த கூட்டத்துக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

பெண்கள் கேட்ட நாலு புது அறைகளுக்கான மனு மட்டும் இன்னும் நகரவில்லை. மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை ஜெரால்டினும் மரியம்மாளும் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போகிறார்கள். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார் குமாஸ்தா, போன தடவை.

"அடுத்த மாசம் எந்தத் தேதி?" என்று கேட்டாள் ஜெரால்டின். அவர் தேதியைச் சொல்லி எழுதிக் கொடுக்கும்வரை இரண்டு பேரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.