அமெரிக்காவில் டேய்க்குத் தடை

அம்மா வேலை முடிந்து, பலெர்மோ நகரின் சீசாப் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டேய், அக்காவுக்கு உடனை கோல் எடு. பிள்ளையார் படத்தைக் கழட்டிப் பெட்டிக்குள்ளை வைக்கச் சொல்லு!"

நான் சோபாவில் கவிழ்ந்து கிடந்தேன். "ஏனம்மா, பிள்ளையார் என்ன செய்தவர்?"

"அங்கை கம்பஸிலை சாமியளைத் தடை செய்து போட்டாங்களாம். சிஞ்ஞோராவின்ரை டீவியிலை சொன்னவங்கள். என்ரை காதாலை கேட்டனான்."

சிஞ்ஞோரா என்றால் அம்மா துப்புரவு வேலை செய்யும் வீட்டின் கிழவி. அம்மாவின் நெற்றியில் திருநீறைக் கண்டால் போதும், "உங்களுக்கு மொத்தம் எத்தனை தேயி?" என்று ஆரம்பித்துவிடும். தேயி என்றால் இத்தாலியனில் தெய்வங்கள். அம்மாவுக்கு அந்தச் சொல் அத்துப்படி. டீவியில் சொன்னதோ வேறு. பன்மைத்துவம், சமத்துவம், எல்லோரையும் சேர்த்துக்கொள்ளல் என்ற மூன்றுக்கும் ஆங்கிலத்தில் உள்ள முதலெழுத்துகள் டி, ஈ, ஐ. அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயரில் அலுவலகம் நடத்தக்கூடாது என்று ஒரு மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது. இத்தாலிக்காரன் மூன்றையும் சேர்த்து வாசித்தான், தெய்வமாகிவிட்டது. நாங்கள் வாசித்தால் வெறும் டேய்.

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு எந்த மாநிலம் என்று போனில் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா படிக்கும் மாநிலம். இப்படி ஒரு சட்டம் வரப்போகிறது என்று எனக்கும் அவளுக்கும் முன்பே தெரியும், அம்மாவுக்குத்தான் சொல்லவில்லை. அக்கா பகுதிநேரமாக வேலை செய்வதே அப்படி ஓர் அலுவலகத்தில்தான். அந்த வேலைக்காகத்தான் கம்பஸ் அவளுடைய ஃபீஸைத் தள்ளுபடி செய்கிறது. வேலை போனால் படிப்பும் போகும், பாதி எழுதிய ஆய்வோடு பலெர்மோவுக்குத் திரும்ப வேண்டியதுதான். இனி மறைக்க முடியாது. சொன்னேன்.

அம்மா அப்படியே கதிரையில் இருந்தார். "அந்த ஓபீஸிலை பிள்ளை என்ன செய்யிறவள்?"

"வீட்டிலை முதல்முதலாப் படிக்க வந்த பெடியளுக்கு எங்கை போறது, ஆரைக் கேக்கிறது எண்டு சொல்லிக் குடுக்கிறவள்."

"அதிலை என்ன பிழை?"

"எல்லாரும் சமன் எண்டால் சிலபேருக்கு மட்டும் ஏன் தனி ஓபீஸ் எண்டு கேக்கினம்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "கேள்வி சரிதான். ஆனா கேக்கிறவை ஒருநாளும் விசாவுக்காகக் கொஸ்தூரா பொலிஸ் கந்தோர் வரிசையிலை நிண்டிருக்கமாட்டினம். வந்த புதுசிலை நான் அங்கை பேந்தப் பேந்த முழிச்சுக்கொண்டு நிண்டனான். ஒரு மொரீசியஸ் பிள்ளைதான் கையைப் பிடிச்சுச் சரியான கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போனவள்."

அம்மாவுக்கு அரசியல் தெரியாது என்று நான் சொல்லித் திரிந்ததெல்லாம் சும்மா அளப்பு.

அக்காவுக்கு எடுத்தால் அவள் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். மெசேஜுக்கு நீலக்கோடு விழவில்லை. அங்கே இப்போது வேலைநேரம், அப்படியென்றால் அவளைக் கூப்பிட்டு வைத்து வேலை இல்லையென்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று என் மண்டை படம் ஓட்டியது. அம்மா தேத்தண்ணி போட்டார், இரண்டு பேரும் குடிக்கவில்லை. கீழே பஸ்காரன் ஹோர்னை அமத்திப் பிடித்து எவனையோ திட்டிக்கொண்டிருந்தான். அவனை நான் மேலே இருந்து திட்டினேன்.

போன் அடித்தது.

"டேய்! என்ன இத்தனை மிஸ்ட் கோல்? ஆருக்கு என்ன?"

அந்த டேயைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அழுகிறவள் டேய் போடமாட்டாள்.

அம்மா போனைப் பறித்தார். "பிள்ளை, வேலை போட்டுதோ?"

"ஓபீஸ்தான் போட்டுது. நான் போகேல்லை. என்னை லைப்ரரிக்கு மாத்திட்டாங்கள், கட்டுரை எழுதத் தெரியாத ஆக்களுக்கு உதவுற மேசை. ஃபீஸ் தள்ளுபடி அப்பிடியே இருக்கு, காலமைதான் கூப்பிட்டுச் சொன்னவங்கள்."

"உண்மையாவோ?"

"ஓம் அம்மா. எங்கடை மேலாளருக்குத்தான் பாவம், வேலை இல்லை."

"அப்ப அந்தப் பெடியள்?"

"லைப்ரரிக்கு ஆரும் வரலாம்தானே. இண்டைக்கே ரெண்டுபேர் தேடி வந்திட்டினம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நான் சும்மா இருப்பேனா? "அக்கா, அமெரிக்காவிலை சாமியைத் தடை செய்திட்டாங்கள் எண்டு அம்மா ஓடி வந்தவ!" அக்கா சிரித்த சிரிப்பில் போன் கிறீச்சிட்டது.

"சிரிக்காதை. படத்தைக் காட்டு, நான் பாக்கவேணும்," என்றார் அம்மா. எங்களை நம்பவில்லை. அக்கா அறைக்குப் போன பிறகு வீடியோவில் எடுத்துக் காட்டினாள். பிள்ளையார் மேசையில் பத்திரமாக இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோடு ஒரு மட்டைப் பலகை சாய்ந்திருந்தது.

"அது என்ன?"

"எங்கடை ஓபீஸ் போர்ட். குப்பையிலை போடப்போனவங்கள், கேட்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

அம்மா கண்ணைச் சுருக்கி, அதிலிருந்த டி, ஈ, ஐயைத் 'தேயி' என்று வாசித்தார். "அதுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வை," என்றுவிட்டு ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.