ஓடுபாதையின் அந்தப் பக்கம்

யின்லியானை ஊரில் பலருக்குப் பிடிக்காது. வாய் அப்படி. சீனாவின் குன்மிங் விமானத்தளத்தில் ஓடுபாதையைச் சமப்படுத்த நூறு பேர் சேர்ந்து இழுக்கும் கல் உருளையை இழுக்க வந்தவள், மேஸ்திரி அதட்டினால், "உன் அப்பன் வீட்டு மாடா நான்?" என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைத் தோளில் போடுவாள். அவள் புருஷன் யூஷெங் நேர்மாறு. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதன். பெற்ற பிள்ளைகள் மூன்றையும் காய்ச்சலுக்குக் கொடுத்த பிறகு, தன் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று நடந்து வருகிறது என்று அவன் நம்ப ஆரம்பித்தான்.

அவன் மட்டுமில்லை, தளத்தில் எல்லோருமே அப்படித்தான் நம்பினோம். புறப்படுகிற விமானத்துக்கு முன்னால் குறுக்கே ஓடினால், நம்மைத் தொடரும் பேயை அதன் மூக்கிலுள்ள விசிறி வெட்டிப் போட்டுவிடும். எவ்வளவு ஒட்டி ஓடுகிறோமோ அவ்வளவு நல்லது. சிரிக்க வேண்டாம். பல்வலி வந்தபோது நானும் ஒருதரம் ஓடினேன். பல்வலி போகவில்லை, செருப்புதான் போயிற்று.

நான் லுவோ. ரங்கூனில் ஒரு கப்பல்காரர் சமையற்கட்டில் கொஞ்சம் ஆங்கிலம் கற்றவன் என்பதால், அமெரிக்க விமானிகளுக்கு முட்டை பொரிக்கும் வேலை கிடைத்தது. தங்கள் நாட்டுப் படையை விட்டுவிட்டு, யார் வீட்டுச் சண்டைக்கோ தாமாகவே வந்த பையன்கள். ஜப்பான்காரன் வந்து குண்டு போடும்போது அவனைத் துரத்தியவர்கள் இவர்கள்தான். அதில் ஒருவன் ஆரின் டாக்கெட், கேன்சஸ் பக்கம் கோதுமை விவசாயி மகன். அவன் சட்டை முதுகில் எங்கள் எழுத்தில் ஒரு துணி தைத்திருக்கும். 'இவர் நமக்காகப் போரிட வந்தவர், காப்பாற்றுங்கள்' என்று. படிக்கத் தெரியாத யூஷெங், தினமும் அந்தத் துணியைப் பார்த்துக் கும்பிடுவான்.

நாற்பத்திரண்டு ஜனவரியில் ஒரு காலை, குன்றின் மேல் கம்பத்தில் முதல் சிவப்புப் பந்து ஏறியது. எதிரி புறப்பட்டுவிட்டான் என்று அர்த்தம். இரண்டாவது ஏறினால் பக்கத்தில் வந்துவிட்டான். ஊரே மலையைப் பார்த்து ஓட, ஆரின் விமானத்தைக் கிளப்பினான். யின்லியானுக்கு அப்போது ஐந்து மாதம். இந்த ஒன்றாவது தங்கட்டும் என்று யூஷெங் எல்லோரையும் விட ஒட்டி ஓடினான். மிகவும் ஒட்டி.

ஆரினால் நிறுத்த முடியவில்லை. மேலே போய்ச் சண்டை போட்டு, ஒரு குண்டு விமானத்தை வீழ்த்திவிட்டு இறங்கினான். மற்றவர்கள் முதுகில் தட்டினார்கள். அவன் விசிறியில் காய்ந்திருந்த யூஷெங்கின் ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு நான் பொரித்த முட்டை ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

அடுத்த தடவை பாதி ஓடுபாதையில் ஆரின் விமானத்தை ஒடித்து நிறுத்தினான். குறுக்கே ஆள் ஓடினான் என்றான். யாரும் ஓடவில்லை. அதற்கடுத்த தடவையும் அதேதான். இருந்த விமானங்களே சொற்பம். ஒன்று தரையில் நின்றால் அந்தக் குண்டுகள் எங்கள் கூரை மேல்தான் விழும். இன்னொரு முறை நின்றால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று அவன் அதிகாரி சொல்லிவிட்டார்.

சேதி யின்லியான் காதுக்கு எட்டியது. சமையற்கட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்திருந்தது கோபம்.

"லுவோ அண்ணே, கட்டிக்கிட்டவ நான் இங்க இருக்கேன். என் கண்ணுல படாத மனுசன் அந்த வெள்ளைக்காரன் கண்ணுல மட்டும் படுவாரா? இது என்ன நியாயம்?"

"அதை என்கிட்ட கேட்டா?"

"அவன்கிட்ட கேளு. அவரு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. குறுக்க முழுசா ஓடி முடிச்சாத்தான் பின்னால வர்றது வெட்டுப்படும். இல்லேன்னா அது என் வயித்துக்கு வரும்."

கூட்டிப்போய்க் கேட்டேன். ஆரின் தலை நிமிரவில்லை.

"போய்ச் சேரலை. நான் நிறுத்திடறேனே. நான் நிறுத்தினதும் அவனும் நின்னு என்னைப் பாக்கறான்."

அதை நான் நம் பேச்சில் சொல்லி முடிக்கும் முன்பே அவள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். "அப்ப நிறுத்தாதடா, பாவி! அவரை ஓட விடு. நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்."

பயந்தவர்களின் உயிர் வழியில் தங்கிவிட்டால், எங்கள் ஊரில் கூப்பிட்டு அழைத்து வருவோம். அவர்கள் உடுத்திய சட்டை, ஒரு கிண்ணம் அரிசி, அரிசி மேல் ஒரு முட்டை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி திரும்பிப் பார்க்காமல் வீடு வரை நடக்க வேண்டும். வீட்டிலிருப்பவர் 'வந்தாச்சு' என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு முட்டையை அவித்து உரித்தால், வழவழவென்று இருந்தால் உயிர் வந்துவிட்டது. குழி விழுந்திருந்தால் வரவில்லை.

அடுத்த தடவை இரண்டாவது பந்தும் ஏறிவிட்டது. மலைக்கு ஓடாமல், யூஷெங்கின் நீலச் சட்டையும் அரிசிக் கிண்ணமும் கையிலிருக்க, வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதையின் அந்தப் பக்கம் நின்றாள் யின்லியான். ஆரின் நிறுத்தவில்லை. விமானம் அவளைத் தாண்டி எழும்பியது. "யூஷெங், வாங்க, வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டபடி, குண்டு விழும் சத்தத்துக்குக்கூடத் திரும்பாமல் நடந்தாள். அவள் வீட்டு வாசலில் நின்று, பல் கிடுகிடுக்க, "வந்தாச்சு" என்றது நான்தான்.

முட்டையை உரித்தாள். கட்டைவிரல் அழுத்தியது போல ஒரு குழி.

சாயங்காலம் ஆரின் என்னிடம் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"லுவோ, அவன் கடந்துட்டான். இப்ப முன்னால ஓடலை."

"நல்லதுதானே?"

"எனக்குப் பின்னால உக்காந்திருக்கான்."

அந்த விமானத்தில் ஒரே இருக்கைதான். யின்லியானிடம் சொன்னபோது கிண்ணத்தைச் சுவரில் வீசினாள். "என் புருஷனைக் கொன்னது பத்தாதுன்னு, கூட்டிக்கிட்டும் போயிட்டானா!"

மே மாதம் பெண் பிறந்தது. நன்றாக இருந்தது. ஆரினும் அதற்குப் பிறகு பேய் மாதிரிச் சண்டை போட்டான். பின்னாலிருந்து எதிரி வரும்போதெல்லாம் தோளில் ஒரு தட்டு விழும் என்பான். கோடையில், தாமாக வந்த அந்த அமெரிக்கர்களின் தொண்டர் படையைக் கலைத்தார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். இவன் வேறு படையில் சேர்ந்து இங்கேயே தங்கினான்.

"உனக்கென்ன பைத்தியமா? அம்மா காத்திருப்பாங்க, போ," என்றேன்.

"இவனைக் கேன்சஸுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது? இவன் ஊர் இதானே." முட்டையைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

மறு வருஷம் இலையுதிர்காலத்தில் பர்மா எல்லைப் பக்கம் சால்வீன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விமானத்தோடு விழுந்தான். உடம்பு கிடைக்கவில்லை. முதுகில் தைத்த அந்தத் துணியில் பாதி மட்டும் வந்தது. எங்களால் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. எனக்கு அன்று முழுக்க அடுப்புப் பற்ற வைக்கவே மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் யின்லியான் வந்தாள். "ஒரு முட்டை குடு அண்ணே."

"அந்தப் பையனுக்கா? மன்னிச்சிட்டியா?"

"மன்னிச்சேன்னு எவன் சொன்னான்? அவனைக் கூப்பிட்டாத்தானே எங்காளும் இறங்குவாரு. தனியா கூப்பிட்டு வராதவரு." நான் கொடுத்த முட்டையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அவனுக்கும் இங்க வேற யாரு இருக்கா?"

தளத்திலிருந்து வீடு வரை அவள் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு வந்தாள். அந்தப் பாதித் துணியும் யூஷெங்கின் நீலச் சட்டையும் கையில். பதில் சொல்ல நான் வாசலில் நின்றேன். வாயைத் திறப்பதற்குள், காலடியில் மண்ணை அளைந்துகொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண், அம்மாவுக்குப் பின்னால் இருந்த வெறும் வழியைப் பார்த்துச் சிரித்து, "வந்தாச்சு" என்றது. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முட்டை வழவழவென்று உரிந்தது. யின்லியான் அதை நூலால் அறுத்தாள். உள்ளே இரண்டு மஞ்சள் கரு.

இரட்டைக் கரு முட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கும், சமையல்காரனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடையில் கைக்கு வந்ததைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. மேஜையில் இரண்டு கிண்ணம் கூடுதலாக வைத்து, ஒவ்வொன்றிலும் பாதி முட்டையைப் போட்டாள். "சாப்பிடுங்க, ஆறிடும்," என்றாள்.