அமிர்தநாதன் பீடியை விட்ட வருஷம்

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஸ்டோரு என்று எல்லோரும் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் அமிர்தநாதன் இருபத்திரண்டு வருஷமாக மாடியில் வேலை செய்துவந்தார். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாடவைப்பதுதான் வேலை. பதினான்கு வயதில் பீடி குடிக்க ஆரம்பித்தவர், நாற்பத்தைந்து வயதில் நாளுக்கு ஒரு கட்டு குடித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பஜாருக்குப் போவார். அவர் வாய் திறக்குமுன்பே கடைக்காரர் சரிபுதீன் ஏழு கட்டை எடுத்து முன்னால் வைத்துவிடுவார்.

ஸ்டோருக்குள் பீடி குடிக்கக் கூடாது. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். சாக்கும் பலகையும் தீப்பிடிக்கும். எல்லோரும் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த்தான் குடிப்பார்கள். கொழுந்து அதிகமாக வரும் நாட்களில் மட்டும் அமிர்தநாதன் மாடியின் கடைசி ஜன்னலில் நின்று, புகையை வெளியே ஊதுவார்.

1953ஆம் வருஷம், கிறிஸ்தவர்களின் தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜன்னலில் நின்று பாதிப் பீடி குடித்திருந்தபோது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. பீடியைச் சுவரோரப் பலகையில் நசுக்கிவிட்டு நகர்ந்தார். சரியாக நசுக்கவில்லை. கால் மணி நேரத்தில் ஓரத்துச் சாக்கு புகைந்தது. தண்ணீர் ஊற்றி அணைப்பதற்குள் மூன்று தட்டுகள் எரிந்துபோயின. அமிர்தநாதனும் வாளி தூக்கினார்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா குனிந்து தேடி, பீடித் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மாடியில் நின்றவர்கள் ஐந்து பேர். அதில் ஆண்டியப்பன் என்பவன் போன மாதம்தான் பீடியோடு பிடிபட்டு எச்சரிக்கை வாங்கியிருந்தான். ஐயா நேராக அவன் முன்னால் போய் நின்றார்.

"நான் இல்லைங்கய்யா."

"போன மாசமும் இதைத்தான் சொன்ன."

அமிர்தநாதன் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். ஐயா பேசி முடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஐயா பேசி முடித்துப் படியிறங்கித் தோட்டத்துத் துரையின் ஆபீசுக்குப் போனார். அமிர்தநாதன் ஈரமான சாக்குகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ஆண்டியப்பனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவன் குடியிருந்த லயத்துக் காம்பராவையும் காலி செய்யச் சொன்னார்கள். தொழிலாளர் சங்கத்தில் எழுதிப் பார்த்தார்கள். மூன்று மாதம் இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு முன்பே, ஒரு பனிக் காலையில், அவன் குடும்பம் அக்கரப்பத்தனையில் மனைவியின் சொந்தக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டது. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் மீனம்மா ஒரு கோழியைக் கூடையில் வைத்து இடுக்கிக்கொண்டு நடந்தாள். அவர்களுடைய தகரப் பெட்டியை பஸ் ரோடுவரை அமிர்தநாதன்தான் சுமந்தார்.

"நீங்க எதுக்குண்ணே தூக்குறீங்க," என்றான் ஆண்டியப்பன்.

"இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் பீடியை வாயில் வைத்தவர் தீக்குச்சியைக் கிழிக்கவில்லை. விட்டுவிட வேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல. குச்சியைக் கிழிக்கக் கை போகவில்லை, அவ்வளவுதான். மறுநாளும் அப்படியே. அடுத்த ஞாயிறு சரிபுதீன் எடுத்து வைத்த ஏழு கட்டையும், "வேண்டாம் முதலாளி," என்று திரும்ப நகர்த்தினார்.

உடம்பு கேட்டது. வாயெல்லாம் புண். மலம் போகவில்லை. நாலு வாரம் ராத்திரியும் பகலும் இருமினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. இதையெல்லாம் யாருக்கோ நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தபசுகாலம் தொடங்கியிருந்ததால், ஆண்டவருக்காக விட்டிருக்கிறார் என்று அவர் மனைவி அந்தோனியம்மா நினைத்துக்கொண்டாள். அவர் மறுக்கவில்லை. அவள் லயம் முழுக்கச் சொன்னாள். தபசு முடிந்து பாஸ்குத் திருநாளுக்குப் பிறகும் அவர் தொடாததைப் பார்த்து, பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் அந்த வருஷப் பாவசங்கீர்த்தனத்தில் அமிர்தநாதன் கோபம், சோம்பல், பூசைக்குப் போகாத இரண்டு ஞாயிறுகள் எல்லாம் சொன்னார். ஆண்டியப்பனைப் பற்றிச் சொல்லவில்லை.

ஐந்தாறு மாதத்தில் நாக்குத் தெளிந்தது.

"தேங்காச் சம்பல்ல உப்புத் தூக்கலா இருக்கே," என்றார் ஒருநாள்.

"எப்பவும் போடுற உப்புதாங்க. இப்பத்தான் உங்களுக்குத் தெரியுது," என்று அந்தோனியம்மா சந்தோஷமாகச் சிரித்தாள்.

மூக்கும் தெளிந்தது. கீழ்த்தளத்தில், அரைத்த கொழுந்து நிறம் மாறுவதற்காகப் பரப்பிவைக்கும் அறையைக் கடக்கும்போது, "இது நேரம் தாண்டிப்போச்சுங்கய்யா," என்று ஒருமுறை தற்செயலாகச் சொன்னார். டீமேக்கர் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார். அடுத்த மாதமே அவரை அந்த அறைக்குப் பொறுப்பாக்கினார். சம்பளமும் கூடியது. "பீடியை விட்டதுக்குக் கிடைச்ச பலன் பாத்தியா," என்று ஐயா தோளில் தட்டினார். அமிர்தநாதன் தலையாட்டினார். அன்று மத்தியானச் சோற்றை முழுவதும் சாப்பிட்டார்.

அப்படியே ஒன்பது வருஷம் போனது.

1962இல் ஒரு உறவினர் சாவுக்குப் போய்த் திரும்பும்போது, கொட்டகலை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தார். உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் அவரைப் பார்த்துவிட்டு வந்தான். ஆண்டியப்பன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பீடிக் கட்டை நீட்டினான்.

"விட்டுட்டேன்."

"எப்ப?"

"நீ தோட்டத்தை விட்டுப் போன அன்னைக்கு."

ஆண்டியப்பன் தன்னுடையதைப் பற்றவைத்துக்கொண்டான்.

"அன்னைக்குக் கிடைச்ச பீடித் துண்டு என்னோடது ஆண்டி," என்றார் அமிர்தநாதன்.

"தெரியும்ணே. ஜன்னல்ல நீங்க நின்னதைப் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஆபீசுக்குக் கூப்பிட்டப்ப சொன்னேன். அமிர்தநாதன் அப்படிச் செய்ய மாட்டான், நீ பொய் சொல்றன்னாரு ஐயா."

ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போனது.

"மீனம்மா?"

"கொழுந்தெடுக்கிறா. அஞ்சாவதோட நின்னுட்டா. ரெண்டு பிள்ளைங்க."

யாரோ கூப்பிட்டார்கள். ஆண்டியப்பன் பீடியைக் காலால் தேய்த்துவிட்டு மூட்டைகளிடம் போனான். திட்டவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை.

மறுநாள் அமிர்தநாதன் டீமேக்கரிடம் போய் நடந்ததைச் சொன்னார். ஐயாவுக்கு எந்தத் தீ என்று ஞாபகம் வரவே கொஞ்ச நேரமாயிற்று.

"அந்தத் துரையே சீமைக்குப் போயாச்சு. இப்ப யாருகிட்டப் போய் என்னத்தச் சொல்றது? போய் வேலையப் பாரு."

அவர் போய் வேலையைப் பார்த்தார்.

சாயங்காலம் அந்தோனியம்மாவிடமும் சொன்னார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்த பிறகும் அவள் விரல்கள் நிற்கவில்லை. ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டு, "ஆண்டியப்பன் சம்சாரம் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"கேக்கல."

"கேட்டிருக்கலாம்," என்றாள் அவள், சுளகைத் தட்டியபடி.