பையில் இருந்த நம்பர்

போன வருஷம் ஐப்பசி மாதம். முதலியார்பேட்டையில், வேலை தேடி வர்றவங்களைக் கம்பெனிகளுக்கு அனுப்புற ஒரு சின்ன ஆபீஸ். அங்கே கூட்டிப் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்கிறவள் நான்.

வேலை கேட்டு வர்றவங்க நம்பர் அடிக்கடி மாறிடும். ரீசார்ஜ் பண்ண முடியாம பழசு போயிடும். உள்ளே வரத் தயங்கி வாசல்லயே, "ஆயாம்மா, புது நம்பர், எழுதிக்கோங்க" என்பார்கள். அஞ்சாவது படிச்ச கையால் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். மேஜையில் இருக்கிற பெண் அதைப் பார்த்து அவங்கவங்க பைலில் திருத்துவாள். "இது எழுத்தா, கோழி கிளறினதா ஆயாம்மா?" என்று சிரிப்பாள்.

அந்த மாதம் ஆபீஸ் முதலாளி சார் ஒரு சாப்ட்வேர் வாங்க நினைத்தார். ரெண்டு வகை இருந்தது. ஒண்ணு, வேலை தேடி வர்றவங்க விவரத்தை வச்சிக்கும். இன்னொண்ணு, கம்பெனிக்காரங்களோட எப்போ பேசினோம், திரும்ப எப்போ பேசணும்னு ஞாபகப்படுத்தும். ஒண்ணுதான் வாங்க முடியும்.

"ஆளுங்க தானா வருவாங்க. கம்பெனியத்தான் நாம புடிச்சி வச்சிக்கணும். என்னா ஆயாம்மா, சரிதானே?" என்றார் சார். ஆளுங்க வருவாங்க, நம்பர் நிக்காதே சார் என்று வாய் வரை வந்தது. சிரித்துவிட்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கம்பெனி சாப்ட்வேர் வந்தது. வேலை தேடி வர்றவங்க பைலெல்லாம் பரண் மேல் ஏறியது. என் நோட்டை யாரும் கேட்கவில்லை. வாசலில் சொல்றவங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க, நானும் எழுதிக்கிட்டே இருந்தேன்.

ஒரு நாள் மருந்து கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்தார். பேக்கிங்குக்கு உடனே ஒரு பெண் வேணும், வயசு முப்பத்தஞ்சுக்கு மேல் போகக் கூடாது. தவளக்குப்பத்திலிருந்து வாரம் தவறாமல் வர்ற ஒருத்தி சாருக்கு ஞாபகம் வந்தாள். புருஷன் இல்லாதவள், ரெண்டு பிள்ளைங்க. பைலை இறக்கிப் போன் போட்டார்கள். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

"சரி, அடுத்த ஆளப் பாரு."

அவள் வாசலில் சொன்ன புது நம்பர், நோட்டோடு என் பையில் இருந்தது. டீ தட்டோடு நின்றேன். அந்தப் பெரிய மனுஷர் எதிரில் கோழி கிளறின நோட்டை எடுக்க வெட்கம். அவர் போனதும் சொல்லிக்கலாம் என்று இருந்துவிட்டேன். போகும்போது வேறொரு பெண்ணின் பயோடேட்டா அவர் கையில் இருந்தது.

அடுத்த வாரம் தவளக்குப்பத்துக்காரி வந்தாள். "ஏதாச்சும் வந்துச்சா ஆயாம்மா? தை வந்தா எனக்கு முப்பத்தாறு. அப்புறம் எவன் எடுப்பான்?"

"வரலம்மா."

"என் நம்பர் இருக்குல்ல?"

"இருக்கும்மா."

தைக்கு அப்புறம் அவள் வரவேயில்லை.

சார் வாங்கினது சரியோ தப்போ எனக்குத் தெரியாது. நோட்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து அவளுக்குப் போன் போடலாம் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன், என் எழுத்துக்கு வெட்கப்பட்டு உன் பிழைப்பைக் கெடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?