கையால் பொத்திய நோட்டு

எரியோட்டில் நான் கணக்கு எடுக்கும் ஏழாம் வகுப்பில், நான் பக்கத்தில் வந்ததும் ஒரு சிறுமி நோட்டைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்த வயதில் நானும் அப்படித்தான் பொத்தினேன்.

திண்டுக்கல்லில் அப்போது எங்களுக்குக் கணக்கு டீச்சர் ஸ்டெல்லா. சாக்பீஸ் தூளும் மல்லிகையும் கலந்த வாசனை அவருக்கு முன்னால் வரும். உடனே நோட்டைப் பொத்திக்கொள்வேன். அன்று என் விடை போர்டில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. டீச்சர் என் கையை விலக்கி நோட்டைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். பிறகு போய், தான் விட்டுவிட்ட மைனஸ் குறியைப் போர்டில் சேர்த்தார்.

"ஏ புள்ள, தெரிஞ்சுக்கிட்டேவா வாய மூடிட்டு இருந்த?"

"திட்டுவீங்கன்னுதான் டீச்சர்."

அவர் சிரித்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் முடித்ததும் திரும்பி, "சரியா இருக்கா?" என்று என்னைத்தான் கேட்பார். பதில் சொல்வதற்காகவே அவருக்கு முன்னால் போட்டு முடிக்கப் பழகினேன். கணக்கு வந்துவிட்டது. பயம் எப்போது போனதென்று தெரியவில்லை.

"கைய எடும்மா, பாப்போம்" என்றேன். சிறுமி மெல்ல எடுத்தாள். அவள் விடை சரி. போர்டில் நான்தான் தப்பாகப் போட்டிருந்தேன்.

அப்பாடா, இனி "சரியா இருக்கா?" என்று கேட்க ஒருத்தி கிடைத்தாள் என்றிருந்தது எனக்கு.