தப்பாகச் சீட்டு எழுதிய மேடம்

போன மாதம் காலமான அந்த ஆசிரியையை மருந்தாளுநர் கல்லூரியில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. டப்பா மேடம் என்றால்தான் தெரியும். அவருடைய ஆய்வுக்கூட அலமாரியில் மாணவருக்கு ஒன்றாக முப்பத்திரண்டு தகர டப்பாக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அந்தந்த மாணவருக்கென்றே அவர் கைப்பட எழுதிய மருந்துச் சீட்டுகள். பார்த்தால் டாக்டர் எழுதியதுபோலவே இருக்கும்; எங்கோ ஒரு பிழை ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னால்தான் பாஸ்.

அவசரக்குடுக்கைக்கு, அளவில் தசமப் புள்ளி இடம் மாறிய சீட்டு. பெரிய பட்டங்களைக் கண்டால் பம்முகிறவனுக்கு, நாலு வரிப் பட்டத்துக்குக் கீழே அபத்தமான அளவு. எதையும் நம்பாத ஒருத்திக்குப் பிழையே இல்லாத சீட்டு. அவள் மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, கடைசியில் அழுதேவிட்டாள். “சரியா இருக்கிறதைச் சரின்னு சொல்றதுக்கும் தைரியம் வேணும்மா,” என்றார் மேடம்.

எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் போதாதா என்று பிரின்சிபால் அடிக்கடி கேட்பார். “ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுத்தா சும்மா விடுவீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு மேடம் எழுதிக்கொண்டேயிருப்பார்.

ஒரு வருடம் ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டாள். எதைச் சொன்னாலும் “சரிங்க மேடம்” என்பாள். அதுவே அவள் பட்டப்பெயராகிவிட்டது. பதினெட்டுச் சீட்டு கொடுத்தாயிற்று. பதினெட்டிலும் “சரி” என்றே எழுதித் தந்தாள். மேடம் பிழையைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். கடைசிச் சீட்டில் இருந்த அளவு யானைக்கே அதிகம். அதற்கும் சரி.

திங்கட்கிழமை எல்லோரும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போக வேண்டும். மேடம் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போச்சு. போட்டுவிட்டு, அங்கே எதற்காவது அவள் “சரி” என்றுவிட்டால், போவது ஓர் உயிர்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேடம் பதினெட்டுச் சீட்டையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டு வைக்க இடமில்லாமல் நின்ற கணவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“என்னது இது, அளவுக்குக் கீழ பென்சில் புள்ளி?”

“எங்கே?”

பதினெட்டிலும் இருந்தது, மிகச் சரியாகப் பிழைக்கு அடியில். கூர்ந்து பார்த்தாலொழியத் தெரியாது.

“அவளுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்குங்க. மரமண்டை நான்தான்.”

“அதைத்தானே நான் முப்பது வருஷமாச் சொல்றேன்,” என்று கணவர் சீட்டுகளை ஓரம் தள்ளித் தட்டை வைத்தார்.

மறுநாள் காலை மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“நீங்க எழுதினதாச்சே மேடம். அதை நான் எப்படித் தப்புன்னு சொல்றது?”

“தப்பு இருக்கும்னு சொல்லித்தானேம்மா கொடுக்கிறேன்?”

“எங்க வீட்லயும் அப்பா, ‘தப்பு இருந்தா சொல்லு’ன்னுதான் சொல்வார் மேடம். சொன்னா அடி விழும்.”

மேடத்துக்குப் புரிந்தது. இத்தனை நாளும் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“தப்புன்னு சொல்ல வாய் வரலைன்னா கேள்வியாக் கேளு. கேட்டதுக்கு இங்க யாரும் அடிக்க மாட்டாங்க.”

மத்தியானத்துக்குள் அவள் மூன்று கேள்வி கேட்டாள். மூன்றையும் கேட்க மேடம் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.

நாலு மணிக்குப் பிரின்சிபால் படிவத்தோடு வந்து நின்றார். “இன்னும் என்ன மேடம்? நானே ஒண்ணு எழுதறேன். அவ பதில் சொல்லிட்டா கையெழுத்தைப் போடுங்க, வீட்டுக்குப் போகலாம்.” நின்றபடியே ஒரு குழந்தைக்கான சீட்டைக் கிறுக்கினார். அவர் மருந்து எடுத்துக் கொடுத்து இருபது வருடம் ஆகியிருந்தது. மேடம் எட்டிப் பார்த்தார். நாள் முழுவதற்குமான அளவு, ஒரு வேளைக்கென்று எழுதப்பட்டிருந்தது. வேண்டுமென்றே எழுதியதாகத் தெரியவில்லை. மேடம் வாயைத் திறக்கவில்லை.

அவள் வாங்கிப் படித்தாள். பென்சிலை எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

“சரிதானேம்மா?” என்றார் பிரின்சிபால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

“சார்…” அளவின் மேல் விரலை வைத்தாள். “இந்த ஆறு மில்லி, ஒரு வேளைக்கா சார், ஒரு நாளைக்கா?”

“ஒரு வேளைக்குத்தான். படிக்கத் தெரியாதா?”

“தெரியும் சார். குழந்தை எட்டுக் கிலோதான். மூணு வேளைன்னா மூணு மடங்கு போயிடும். நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன் சார்.”

பிரின்சிபால் சீட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். காது சிவந்தது. “சோதிக்கத்தான் அப்படி எழுதினேன்.”

“அப்படியா சார்?” என்றாள் அவள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பிரின்சிபால் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மேடம் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.